ஒகேனக்கல் நீர்வழியும் அதன் கரைகள் கூறும் வரலாறும்

ஆற்றின்மேல் பயணம் செய்து கரைகளின் எழிலைக் கண்டு மகிழ்வது மேனாடுகளில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நிலைபெற்றுள்ள வழக்கம். செர்மனி நாட்டில் ரைன் ஆற்றின்மீது கொலோன், மைன்ஸ் நகரங்களுக்கிடையே பயணிகளின் நீராவிக் கப்பல்கள் 1827ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கின. மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக 1841இல் லெஸ்டரிலிருந்து லப்பரோவுக்கு மக்களை இரயிலில் அழைத்துச் சென்ற பாப்திஸ்து சபையினரான தாமஸ் குக், 1869இல் நைல் ஆற்றிற்கும் பயணக் குழுவொன்றை நடத்திச் சென்றார். ரைன் பயணிகளின் கையில் வழிகாட்டி நூல் ஒன்று இருந்தது. கரையில் தோன்றும் கோட்டை எது, அதைக் கட்டியவர் யார், இடித்தவர் யார் என்பவற்றை அந்நூல் எடுத்துரைத்தது. உலகப் புகழ்பெற்ற பேடெக்கர் வழிகாட்டி நூல்களின் தொடக்கமே இந்த ரைன் பயண நூல்தான்.

தமிழகத்தில் இத்தகைய நீர்வழிப் பயணத்திற்குப் பெயர்பெற்ற இடம் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் இங்கு வந்து, எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்து, பரிசலில் சிறிது தொலைவு சென்று, ஆற்று மீனை வறுத்துண்டு வீடு திரும்புகின்றனர். திருச்சபைகளின் வாலிபர் சங்கங்களும் ஓய்வுநாள் பள்ளிகளும் இவ்வூருக்குச் சுற்றுலா செல்வதை நாம் அறிவோம். ஆனால் இங்கு வருவோர் கையில் வழிகாட்டி நூல் ஏதும் இருப்பதில்லை. பாறையும் நீரும் காடும் கண்ணுக்குப் படுகின்றன. அவற்றினிடையே வாழ்ந்த மாந்தரின் கதை செவிக்கு எட்டுவதில்லை. அக்கதையைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பெயரும்

குடகு மலையிலுள்ள தலைக்காவிரியில் தோன்றி, வங்கக் கடலில் கலக்கும்வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் காவிரி, மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்கும் வழியில் மலைகளை அறுத்துக்கொண்டு வருகிறது. சங்கமம், மேகதாட்டு ஆகிய இடங்களைக் கடந்து, பிலிகுண்டுலுவைத் தாண்டி, ஒகேனக்கல்லை அடைகிறது. ஒரே ஆறாக வரும் நீர் இங்குப் பாறைகளால் பல கிளைகளாகப் பிரிந்து, அருவிகளாக விழுந்து, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே மீண்டும் ஒன்று சேர்கிறது. சின்னாறும் இவ்விடத்திலேயே காவிரியோடு கலக்கிறது.

‘ஹொகெ’ என்னும் கன்னடச் சொல்லுக்குப் புகை என்பது பொருள். ‘கல்’ என்பது இரு மொழிகளுக்கும் பொதுவான சொல். விழும் நீர் தூளாகி மேலெழுந்து புகைபோல் தோன்றுவதால் ‘புகையும் கல்’ எனும் பொருளில் இப்பெயர் அமைந்தது. ஆடித் திங்களில் வெள்ளம் வரும்போது இப்பெயரின் பொருத்தத்தைக் கண்ணாரக் காணலாம்.

இவ்வட்டாரத்தின் பாறைகள் மிகத் தொன்மையானவை. பூமியின் உட்பகுதியிலிருந்து உருகி வந்து உறைந்ததும், பெரும்பாலும் சுண்ணாம்பு போன்ற கார்பனேட் கனிமங்களால் ஆனதுமான கார்பனடைட் என்னும் அரிய பாறை ஒகேனக்கல் அருகில் காணப்படுகிறது. இதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என நிலவியலார் கணக்கிட்டுள்ளனர். பரிசலில் அமர்ந்து இப்பாறைகளினூடே செல்பவர், மனித வரலாறு முழுவதும் இவற்றின்முன் ஒரு நொடிப்பொழுதே என்பதை உணரக்கூடும்.

பரிசல் என்னும் ஓடம்

பிளந்த மூங்கிலால் பெரிய வட்டக் கூடைபோல் பின்னி, அடிப்பாகத்தை மாட்டுத்தோலால் போர்த்துச் செய்வதே பழைய பரிசல். இன்று தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. அடிக்கட்டை இல்லாததால் மிகக் குறைந்த ஆழமுள்ள நீரிலும் பாறையின்மேல் வழுக்கிச் செல்லும். பாறையில் மோதினாலும் மூங்கில் வளைந்து கொடுக்கும். மரப்படகு உடைந்து போகும் இடத்தில் பரிசல் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த நெகிழ்ச்சியே. எனினும் வட்ட வடிவினால் இது நேராகச் செல்லாது. ஒரு பக்கம் துடுப்பு வலித்தால் சுழலும். ஆகவே பரிசலோட்டி ஒரே துடுப்பை மாறி மாறி இருபுறமும் வலித்து, சுழற்சியை அடக்கி, நீரோட்டத்தின் போக்கையும் தனக்குத் துணையாக்கிக் கொள்கிறார். இது பிள்ளைப் பருவம் முதல் கைவரப் பெற வேண்டிய தொழில்.

இவ்வகை ஓடம் நமக்கு மட்டும் உரியதன்று. யூதர் சிறைப்பட்டுப் போன பாபிலோன் நாட்டில், ஆர்மீனியாவிலிருந்து ஆற்றோட்டத்தோடு இறங்கி வந்த வட்டத் தோலோடங்களைப்பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்து கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதியுள்ளார். நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல அவற்றால் இயலாது. ஆகையால் வணிகர் ஒவ்வோர் ஓடத்திலும் ஒரு கழுதையையேனும் ஏற்றி வந்து, சரக்கை விற்றபின் ஓடத்தைப் பிரித்து, தோலைக் கழுதையின்மேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே திரும்பினர் என்று அவர் கூறுகிறார். ஒகேனக்கல்லில் கழுதையின் பணியை மனிதனே செய்கிறான். கவிழ்த்த பரிசலைத் தலைமேல் தாங்கி, சுடும் பாறைகளின்மேல் நடந்து செல்லும் பரிசலோட்டியை இங்குக் காணலாம். விசயநகரத்திற்கு வந்த போர்த்துக்கீசியரான தொமிங்கோ பாயஸ் என்பவரும் 16ஆம் நூற்றாண்டில் துங்கபத்திரையைக் கடக்க இத்தகைய வட்டத் தோலோடங்கள் பயன்பட்டதைக் குறித்துள்ளார். வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் இவற்றின் உறவினமான சிற்றோடங்கள் உண்டு. ஆழம் குறைந்து, பாறை மிகுந்து, விசை கொண்டு ஓடும் ஆறுகள் உள்ள நாடுகளில் மனித அறிவு ஒரே விடையைக் கண்டிருக்கிறது.

அரசர்களும் படைகளும்

ஆற்றுப் பள்ளத்திலிருந்து மலைப்பாதையில் மேலேறினால் பென்னாகரமும், அதற்கப்பால் பண்டைத் தகடூராகிய தருமபுரியும் உள்ளன. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நாடு இது. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்த அவ்வள்ளலின் புகழைப் புறநானூறு போற்றுகிறது. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்ற செய்தியைப் பதிற்றுப்பத்து கூறும். வள்ளன்மையும் போரும் அருகருகே நின்ற நாடு என இதனைச் சொல்லலாம்.

அரசர்களைப்பற்றிப் புலவர் பாடினர். எளிய மக்களின் வீரத்தைக் கற்களே பாடுகின்றன. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான நடுகற்கள் கிடைத்துள்ளன. ஆநிரையைக் கவர வந்தோரோடு பொருது மாண்டவன் பெயரையும், அவன் யாருடைய சேவகன் என்பதையும் அவற்றுள் பல பொறித்துக் காட்டுகின்றன. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பையும், 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ என்னும் தொகுப்பையும் வெளியிட்டது. ஆடுமாடுகளே செல்வமாயிருந்த குமுகாயத்தின் வரலாறு இவற்றால் வெளிவந்தது. ஒகேனக்கல்லுக்கு எதிர்க்கரையிலுள்ள ஆலம்பாடியின் பெயரால் வழங்கும் ஆலம்பாடி மாட்டினம், அந்தப் பழைய மேய்ச்சல் வாழ்வின் தொடர்ச்சியாக இன்றும் இவ்வட்டாரத்தில் எஞ்சி நிற்கிறது.

18ஆம் நூற்றாண்டில் இந்நாடு பாராமகால் என்ற பெயரால் மைசூர் அரசின்கீழ் இருந்தது. ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் நடந்த போர்களில் இம்மலைக் கணவாய்களே படைகளின் வழியாயின. 1791ஆம் ஆண்டில் கர்னல் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படை பென்னாகரம் கோட்டையைக் கைப்பற்றிற்று. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு முதல் ஆட்சியராக அமர, அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்குப் பணியாற்றினார். உழவரிடமே நேரடியாக நிலவரி பெறும் இரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் உருப்பெற்றது. தென்னாட்டுச் சிற்றூர்களின் வாழ்வையே மாற்றியமைத்த அம்முறையின் பிறப்பிடம் இது என்பதைப் பலர் அறியார்.

பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டியில் தம் இறுதி நாள்களைக் கழித்த விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925 சூலை 23இல் அங்கேயே மறைந்தார். அதே ஊரின் அருகில் 2004 அக்டோபர் 18இல் வீரப்பன் காவல்துறையின் அதிரடிப்படையினரால் கொல்லப்பட்டார். அதுவரை பல்லாண்டுகள் இவ்வாற்றின் இருகரைக் காடுகளும் அச்சத்தின் பிடியில் இருந்தன. ஒருபுறம் காட்டில் வாழ்ந்தோர், மறுபுறம் காவல்துறையினர் என இரு தரப்பாருக்கும் இடையே அகப்பட்டு மிகுந்த துன்பம் உற்றோர் மலையோர ஏழை மக்களே. இன்று இக்காடுகள் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் (2014), காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் (2022) எனப் பாதுகாக்கப்படுகின்றன.

மாறிய எல்லை

பரிசல் செல்லும்போது ஒரு கரை தமிழ்நாடு, மறுகரை கர்நாடகம் எனப் பரிசலோட்டி காட்டுவார். அவ்வெல்லை தொன்று தொட்டு வந்தது எனப் பயணிகள் எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. எதிர்க்கரையிலுள்ள கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. இக்கரையும் சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல்தான் தருமபுரி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைகள் மாறினும் இரு கரைகளிலும் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் மக்கள், பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் வாழ்கின்றனர்.

எல்லைக்கோட்டைவிடக் கூர்மையானது நீரின் கணக்கு. ஒகேனக்கல்லுக்கு மேலேயுள்ள பிலிகுண்டுலுவில் மைய அரசின் நீர் ஆணையம் ஓர் அளவை நிலையம் வைத்துள்ளது. கர்நாடகம் தமிழகத்திற்கு விடும் நீர் அங்கேதான் அளக்கப்படுகிறது. சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே 1892இலும் 1924இலும் உடன்படிக்கைகள் ஏற்பட்டன. பின்னர் எழுந்த வழக்கினால் 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 சூன் திங்களில் ஆண்டுக்கு 205 ஆயிரம் மில்லியன் கன அடி எனும் இடைக்கால ஆணையும், 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பும் வந்தன. இறுதித் தீர்ப்பு பிலிகுண்டுலுவில் 192 ஆயிரம் மில்லியன் கன அடி எனக் கூறியதை, 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் 177.25 எனக் குறைத்தது. அதே ஆண்டு சூன் திங்களில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது.

இவை வெறும் எண்கள் அல்ல. 1991 டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழர் பலர் தாக்கப்பட்டு, வீடிழந்து, இம்மலைப்பாதைகள் வழியே தமிழகத்திற்கு ஓடி வந்தனர். மழை குறைந்த ஆண்டில் மாண்டியா உழவரும் தஞ்சை உழவரும் ஒரே ஆற்றை நோக்கியே ஏங்குகின்றனர். மழை மிகுந்த ஆண்டிலோ வழக்கு மறந்துபோகிறது. 2018, 2022, 2024ஆம் ஆண்டுகளில் ஒகேனக்கல்லில் வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலான வெள்ளம் பாய்ந்தது. அந்நாள்களில் பரிசல் ஓட்டத் தடை விதிக்கப்படும். அத்தடை பயணியின் உயிரைக் காப்பதற்கு இன்றியமையாதது. ஆயினும் நாள்கூலிபோல் வருவாய் பெறும் பரிசலோட்டியின் வீட்டில் அன்று அடுப்பு எரிவது எங்ஙனம் என்பதையும் நினைத்தல் தகும்.

நீரில் மூழ்கிய ஊர்கள்

ஒகேனக்கல்லுக்குக் கீழே ஆறு அகன்று, ஓட்டம் தணிந்து, மேட்டூரின் ஸ்டான்லி நீர்த்தேக்கமாக மாறுகிறது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த இவ்வணை 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைத் தேக்க வல்லது. முழு நீர்மட்டம் 120 அடி. சூன் 12ஆம் நாள் குறுவைக்கு நீர் திறப்பது மரபு. தஞ்சைத் தரணியின் நெல் இந்நீரால் விளைகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி.

ஆனால் ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் பரந்த இந்நீர்ப்பரப்பின் அடியில் ஊர்கள் இருந்தன என்பதை எத்தனை பேர் அறிவர்? ஆற்றோர வண்டல் நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்த மக்கள் அணைக்காகத் தம் வீட்டையும் வயலையும் கோயிலையும் விட்டு மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கோடையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழும்போது, கொளத்தூரை அடுத்த பண்ணவாடிப் பகுதியில் இரண்டு சின்னங்கள் வெளிப்படுகின்றன. ஒன்று, பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி. மற்றொன்று, கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரம். செய்தித்தாள்கள் அவற்றின் படங்களை வெளியிடும். மக்கள் பரிசலில் சென்று பார்த்து வருவர். பருவமழை வந்ததும் அவை மீண்டும் நீரில் மறையும்.

அந்த ஆலயத்தில் ஒருகாலத்தில் மணி ஒலித்தது. பிள்ளைகள் திருமுழுக்குப் பெற்றனர். மணமக்கள் கைகோத்து நின்றனர். மரித்தோர் அருகில் அடக்கம் செய்யப்பட்டனர். இந்து மக்களின் நந்தியும் கிறிஸ்தவ மக்களின் கோபுரமும் ஒரே நீரின்கீழ் ஒரே இழப்பைத் தாங்கி நிற்கின்றன. கீழ்க்காவிரியின் திருச்சபைகள் அறுப்பின் பண்டிகையில் நெற்கதிரைப் பீடத்தின்முன் வைத்து நன்றி செலுத்தும்போது, மழையையும் கதிரவனையும் நினைப்பதோடு, அக்கதிருக்காகத் தம் ஊரை இழந்தோரையும் நினைத்தல் பொருந்தும். ஒருவரது நிறைவு மற்றொருவரது இழப்பின்மேல் எழுந்தது என்பதை மறவாதிருப்பது நன்றியுணர்வின் ஒரு பகுதியாகும்.

பென்னாகரம் பக்கத்து நாகமரைக்கும் எதிரேயுள்ள பண்ணவாடிக்கும் இடையிலும், ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இடையிலும் மக்கள் நீர்வழியே கடந்து வந்துள்ளனர். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் திருமணத்திற்கும் செல்வோருக்கு இதுவே குறுக்குவழி. சாலை வழியே சென்றால் நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். பாலம் வேண்டுமென்பது இவ்வூர்களின் நெடுநாள் கோரிக்கை. பயணிக்கு இன்பமாயிருக்கும் பரிசல், கரையோர மக்களுக்கு வேறு வழியற்ற தேவை. இவ்விரண்டையும் பிரித்துணர வேண்டும்.

அருகில் ஆறு, தொலைவில் குடிநீர்

இவ்வட்டாரத்தின் வரலாற்றில் வியப்பும் வேதனையும் ஒருங்கே தருவது குடிநீரின் கதை. காவிரி பாய்வது ஆழ்ந்த பள்ளத்தில். ஊர்கள் இருப்பது உயர்ந்த மேட்டில். ஆகவே காவிரி தொலைவிலுள்ள சமவெளியை வளப்படுத்திற்று. அருகிலிருந்த பென்னாகரமும் தருமபுரியும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி வாழ்ந்தன. இப்பகுதிப் பாறைகளில் புளோரின் கலந்த கனிமங்கள் உள்ளன. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நிலத்தடி நீரில் அது புளோரைடாகக் கரைகிறது. மழை குறைந்து, கிணறு ஆழமாக ஆழமாக, அதன் அளவும் மிகுந்தது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது வரம்பு. அதனை மீறிய நீரைப் பல்லாண்டு குடித்தால் முதலில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும்; பின்னர் எலும்புகள் இறுகி, மூட்டுகள் மடங்காமல், முதுகு வளையும். படிந்த கறையை மருந்து போக்காது. நீரை மாற்றுவதே தடுக்கும் வழி.

இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் எழுந்தது. சப்பானிய நிதியுதவியுடன் ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் மதிப்பில் அமைந்த இத்திட்டத்திற்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வாண்டே கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து, பணி சிலகாலம் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் தொடர்ந்து நிறைவேறி, 2013இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆற்று நீரைச் சுத்திகரித்து, மேட்டிற்கு ஏற்றி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்கு அனுப்புகின்றனர். தன் வாசலருகே ஓடிய ஆற்றை இம்மேட்டு நிலம் குடிப்பதற்கு 2013வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழாய் நீர் போதாத நாளில் மக்கள் மீண்டும் பழைய ஆழ்துளைக் கிணற்றை நாடினால் பழைய நோயும் திரும்பும். ஆதலால் நீர் தடையின்றி வருகிறதா என்பது இவ்வூர்களில் பிள்ளைகளின் எலும்பைப்பற்றிய வினாவாகும்.

பயணியின் கடன்

இயற்கைக் காட்சியில் மகிழ்வது குற்றமன்று. படைப்பின் அழகு மனிதர் கண்டு களிப்பதற்கே. ஆயினும் கரைகளை அறியாது ஆற்றை மட்டும் பார்ப்பவர் பாதியையே பார்க்கிறார். ஒகேனக்கல்லுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் போதகர்களும் சில எளிய செயல்களை மேற்கொள்ளலாம். பரிசலில் உயிர்காப்பு மேலாடை அணியாமல் எவரையும் ஏறவிடலாகாது. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றும்படி பரிசலோட்டியை வற்புறுத்தலாகாது. கூலியில் பேரம் பேசுமுன், பரிசலைத் தலைமேல் சுமந்து திரும்பும் அவருடைய வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதுப்புட்டிகளும் பிளாஸ்டிக் பைகளும் கிடக்கும் பாறையில் மேலும் குப்பை சேர்த்தலாகாது. அந்த நீரே கீழே இலட்சக்கணக்கானோரின் குடிநீர்.

இவற்றோடு பிள்ளைகளிடம் நான்கு வினாக்களை எழுப்பலாம். இந்நீர் எங்கிருந்து வருகிறது? எங்கே அளக்கப்படுகிறது? யாருடைய வயலுக்குச் செல்கிறது? அதற்காக யார் தம் ஊரை இழந்தனர்? இவற்றுக்கு விடை தேடும் பிள்ளை, நாளை காவிரியைப்பற்றிக் கூச்சல் எழும் நாளில், அக்கரையிலும் உழவர் உண்டு, நீரின் அடியிலும் ஊர் உண்டு என்பதை நினைவுகூர்ந்து நிதானமாகப் பேசும் குடிமகனாக வளரும்.